ஆறடி எட்டு அங்குலச் சுவர்

ஒரு சுவரைத் தெருமுனையில் நின்று பார்த்தாலே போதும், அதன் நீளம் எத்தனை அடி எத்தனை அங்குலம், உள்ளே எத்தனை செங்கல், அவற்றில் எத்தனை சூளையில் கருகியவை என்று அவர் சொல்லிவிடுவார். அப்படி ஒரு கண் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. சரி, கருகிய செங்கல் நான் சேர்த்தது. தெருமுனையும் கொஞ்சம் தூரம்தான். பத்தடி தள்ளி நின்றால் சொல்வார், அதிலும் ஒன்றிரண்டு அங்குலம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் முப்பத்தோரு வருஷமாக அலுவலகம் முழுக்க அவரை அங்குலத்தார் என்று கூப்பிட்டதில் ஒரு அங்குலமும் கூட்டல் இல்லை.

பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் அவர் வரைவாளர். நூறு வயது தாண்டிய வீடு எதுவானாலும் டேப்பைத் தூக்கிக்கொண்டு போவார், அளப்பார், படம் வரைவார், படத்தின் ஓரத்தில் அந்த வீடு யார் யார் கைக்கு மாறி வந்தது என்று பொடி எழுத்தில் எழுதுவார், கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு, படத்தில் உள்ள அறையை வீட்டுக்காரரே நினைத்தாலும் இடிக்க முடியாது. அதில் குடியிருப்பவரை, வீடு விலைபோனாலும், வெளியே அனுப்ப முடியாது. படத்தில் இல்லாத அறை பிற்பாடு யாரோ ஒட்டவைத்தது என்று பொருள். அதை எப்போது வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம். இதனால் வீட்டுக்காரர்கள் அவருக்குத் தேநீரை நல்ல கோப்பையில்தான் கொடுப்பார்கள்.

கோப்பையை அவர் பிடிக்கும் அழகே தனி. சுண்டு விரல் சற்று விலகி நிற்கும். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் மை ஊற்றும் பேனா, பேச்சில் ஒரு நிதானம். மதிய இடைவேளையில் பழைய வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "நாங்க இருந்த வீட்ல மாடிப்படிக் கைப்பிடி முழுக்கக் கடைசல் வேலை. சாயங்காலம் வண்ணக் கண்ணாடி வழியா வெயில் விழும் பாருங்க, தரையெல்லாம் சிவப்பும் நீலமும்," என்பார். சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அந்தக் கைப்பிடியைத் துடைத்தது அவருடைய அம்மா என்பதையும், வெயில் விழுந்த தரையில் அவர்கள் உட்காரக் கூடாது என்பதையும் மட்டும் சொல்லமாட்டார். கேட்பவர்கள் இவர் ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை, காலம் மாறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்த முடிவை அவர் கலைக்கவில்லை.

அந்த வீட்டுக்கு ஏழு புகைபோக்கி வீடு என்று பெயர். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். வாசல் வளைவுக்கு மேலே பதித்த கல்லில் 1887 என்று இருக்கும். கட்டியவர் ஒரு மர வியாபாரி. துறைமுகத்தில் கப்பல் வருவதை மனைவி பார்க்க வேண்டும் என்று வீட்டின் மூலையில் கூம்புத் தொப்பி போட்ட கோபுரம் ஒன்று எழுப்பினார். அந்த அம்மாளுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அவள் ஒரு நாளும் ஏறவில்லை, புறாக்கள் ஏறின. முன்பக்கம் சிவப்புச் செங்கல், இரண்டு தளத்திலும் வயிறு முன்னே தள்ளி நிற்கும் ஜன்னல்கள், வார்ப்பிரும்பில் கொடி பின்னிய கிராதி, கூடத்துக் கூரையின் நடுவே சுண்ணாம்பில் செய்த பெரிய பூ. ஒவ்வொரு அறையிலும் கணப்படுப்பு. குளிர் வருஷத்தில் மூன்று வாரம் வந்தாலே அதிகம் என்றாலும், அந்தக் காலத்து மரியாதைக்கு ஏழு புகைபோக்கி வேண்டியிருந்தது.

மர வியாபாரி போன பிறகு மருமகன் கைக்கு வந்தது. மருமகன் குதிரைப் பந்தயத்தில் தோற்று ஒரு கண் டாக்டருக்கு விற்றார். டாக்டரிடமிருந்து பெண்கள் இசைப் பள்ளிக்கு. பள்ளி மூடியதும் ஒரு தேயிலைத் தரகர் வாங்கினார். இப்படி ஐந்து கை மாறியதை அங்குலத்தார் படத்தின் ஓரத்தில் அழகாக எழுதிவைத்திருந்தார். மாறாத ஒன்று மட்டும் அதில் இல்லை. சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவில், வேலைக்காரர்கள் விருந்தாளிகள் கண்ணில் படாமல் ஏறி இறங்குவதற்கென்று, கட்டும்போதே வைத்த ஒரு பின்படி உண்டு. படி போய் முடியும் இடத்தில் ஒரு சிற்றறை. நாலரை அடி அகலம், பதினாலு அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. சட்டி அளவுக்கு ஒரு வட்ட ஜன்னல். எந்த வீட்டுக்காரர் வந்தாலும் அந்த அறை சமையற்காரிக்கு. டாக்டர் காலத்தில் அந்தச் சமையற்காரி அங்குலத்தாரின் அம்மா. அவரும் அக்காவும் வளர்ந்தது அந்த ரயில் பெட்டியில்தான். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்துபோக, இருவரும் ஆளுக்கு ஒரு மூட்டையோடு வெளியே வந்தார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன், தரகர் காலத்தில், அந்த வீட்டை அளக்கும் வேலை அவரிடமே வந்தது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று பேசாமல் போனார்.

மூன்று நாள் அளந்தார். முன்கூடம் பதினெட்டடி ஆறு அங்குலம். சாப்பாட்டு அறை இருபது. சமையலறை பதினாலடி நாலு அங்குலம். நாலு சுவருக்கும் சேர்த்து ஆறடி. எல்லாம் கூட்டினால் ஐம்பத்தெட்டடி பத்து அங்குலம். வெளியே நின்று அளந்தால் அறுபத்து நாலு. ஐந்தடி இரண்டு அங்குலம் இடிக்கிறது.

வரைவாளர்களுக்குள் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. உள்ளளவும் வெளியளவும் ஒத்துப்போகாவிட்டால், மிச்சத்தைச் "சுவருக்குக் கொடு" என்பார்கள். பழைய சுவர் எங்கும் ஒரே தடிமனாக இராது, ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூடக் குறையத்தான் வரும். அதை ஏதாவது ஒரு சுவரில் ஏற்றிவிட்டால் படம் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஐந்தடி இரண்டு அங்குலத்தை ஒரு சுவருக்குக் கொடுத்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் நாள் மாலை டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அப்போதைய சமையற்காரம்மா சமையலறை மூலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"சார், இந்தப் பக்கம் அளக்கலையே. உள்ள படி இருக்கு. மேல என் ரூம் இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சுவர்லயே வந்துரும்மா," என்றார்.

"ரூம் எப்படிச் சார் சுவர்ல வரும்?"

"வரும்மா. அது எங்க வேலை."

அவள் பாவம், படித்தவர் சொல்கிறார் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் முன்கூடத்தில் உட்கார்ந்து, தரகர் கொடுத்த தேநீரைச் சுண்டு விரல் விலகக் குடித்தார். அந்தக் கூடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி மெத்தென்று இருந்தது.

படத்தில் அந்தச் சுவர் ஆறடி எட்டு அங்குலம். பக்கத்து மேசைக்காரர், "என்னய்யா, வீடா கோட்டையா? பீரங்கி வச்சாலும் இடியாது போலிருக்கே," என்று கேட்டதற்கு, "உள்ள புகைபோக்கிக் குழாய் போகுது," என்று சொல்லிச் சமாளித்தார். அங்குலத்தார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் போய்விட்டார். அதன் பிறகு, அந்தப் படம் உள்ள அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அங்குலத்தார் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

இந்த வருஷம் தரகர் வீட்டை ஓர் ஓட்டல் நிறுவனத்துக்கு விற்றார். ஓட்டல்காரர்களுக்குச் சமையலறையைப் பெரிதாக்க வேண்டும். சமையற்காரம்மாவை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். இருபத்தாறு வருஷமாக அங்கே இருக்கிறேன், பதிவான வீடு, என்னை எப்படி அனுப்ப முடியும் என்று அவள் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தாள். நிறுவனத்தின் வக்கீல் அங்குலத்தாரின் படத்தையே எடுத்து நீட்டினார். படத்தில் அந்த இடம் கெட்டிச் சுவர். இன்றைக்கு அங்கே படியும் அறையும் இருக்கின்றன. அப்படியானால் ஒன்பது வருஷத்துக்குள் இந்தம்மாதான் சுவரைக் குடைந்து அறை கட்டிக்கொண்டார் என்றார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் காகிதத்தில் இருப்பது அதுதான்.

இயக்குநர் அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். வயதில் அவரைவிட இருபது வருஷம் சின்னவள். யாரையும் அதட்டிப் பேசமாட்டாள்.

"சார், இந்தப் படம் நீங்க போட்டது. அப்ப அங்க படி இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டவளும் நல்லவள். அங்குலத்தார் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார்.

"படத்துல என்ன இருக்கோ அதுதான் மேடம்," என்றார்.

"உங்க அளவு தப்பாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை எல்லாரும் நேர்ல போய்ப் பார்த்துருவோம்."

வெளியே வந்தபோது, வராந்தாப் பெஞ்சில் சமையற்காரம்மா மடியில் ஒரு காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சார், நீங்கதானே அன்னிக்கு வந்தது? நான் கதவத் திறந்து காட்டினேனே, ஞாபகம் இருக்கா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்," என்றாள். அவர் "பார்க்கலாம்மா" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடிகாரம் ஓடவில்லை என்பது மாடிப்படி இறங்கும்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அக்கா ஒரு சந்தில் தையல் மெஷினோடு தனியாக இருக்கிறாள். அவருடைய வரைகலைப் படிப்பு முழுக்க அந்த மெஷின் ஓடித்தான் நடந்தது. ஒரு தடவை அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தாள். வாசலில் இருந்தவர் "யார் சார் இவங்க" என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச அம்மா, தைச்சுக் குடுப்பாங்க," என்றார் அவர். அக்கா காதில் அது விழுந்தது. கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அலுவலகப் பக்கம் வரவில்லை.

அந்த ஞாயிறு அவர் உள்ளே நுழையும்போது அக்கா மெஷினை நிறுத்தவில்லை. ஒரு ரவிக்கையின் முழுக் கையையும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் பேசினாள்.

"ஏழு புகைபோக்கி வீட்டுச் சமையக்காரப் பொண்ணு வந்திருந்தா. பாவாடைக்கு ஓரம் அடிக்க. அழுதா."

"ம்."

"நீ போட்ட படத்துல சுவர்னு இருக்காமே."

"அக்கா, அது ஆபீஸ் விஷயம். உனக்குப் புரியாது."

"எனக்கு எங்கடா புரியும், நான் தைச்சுக் குடுக்கிறவதானே." மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரூம்ல அம்மா பதினாறு வருஷம் இருந்தா. டாக்டர் வீட்டுல இருந்துக்கிட்டு காய்ச்சல்ல செத்தா. அவங்க மணி அடிச்சா நாம ஓடணும், நாம அடிக்க ஒரு மணி கிடையாது. அதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். நீ என்னடான்னா, அம்மாவச் சுவருக்குள்ள வச்சுப் பூசிட்டு வந்திருக்க."

"அப்படி இல்லக்கா."

"எப்படி?"

படத்தில் அந்த அறையைப் போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, அது இன்னொரு வீட்டின் இன்னொரு பின்படி, அவ்வளவுதான். அவருக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் படியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஏற அவரால் முடியவில்லை. ஏறினால் பாதிப் படியில் தன் முகத்தைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? ஐம்பத்தாறு வயசில், தலை நரைத்த பிறகு, நான் நம்ம அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"டீ போடவா?" என்றாள் அக்கா, அதே குரலில்.

"வேண்டாம்."

"போட்டுட்டேன். குடி." தகர டம்ளரை முன்னால் வைத்தாள். விரலை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் ஏழு புகைபோக்கி வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். இயக்குநர் அம்மா, வக்கீல், பக்கத்து மேசைக்காரர், கையில் படத்தோடு அங்குலத்தார். சமையல் மேடையோரம் சமையற்காரம்மா. அவளுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியில், யாரும் அழைக்காமல் வந்து, தைத்து முடித்த பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா.

"இவங்க யாரு?" என்று வக்கீல் கேட்டார்.

"துணி குடுக்க வந்தேன்," என்றாள் அக்கா. தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், படம் தெளிவா இருக்கு. கெட்டிச் சுவர். அதைக் குடைஞ்சு பண்ணினது இது."

"குடைஞ்சேனா? நானா?" என்றாள் சமையற்காரம்மா. "கத்தியால வெங்காயம் நறுக்கவே எனக்குக் கை வலிக்குது. ஆறடிச் சுவர நான் எதால குடைவேன், கரண்டியாலயா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். இயக்குநர் அம்மா சிரிக்கவில்லை. படத்தை மேடைமேல் விரித்து, வெளிப்புறத் தோற்றத்தில் ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

"சார், இங்க ஒரு வட்டம் போட்டிருக்கீங்க. 'காற்றுத் துவாரம்'னு எழுதியிருக்கீங்க. கெட்டிச் சுவருக்கு எதுக்குக் காத்து?"

அங்குலத்தார் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். வெளியே ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது.

"அளக்க விட்டுப்போயிருக்கும் மேடம், மறதி," என்று பக்கத்து மேசைக்காரர் கைகொடுக்கப் பார்த்தார். பல வருஷச் சிநேகிதம்.

"மறதின்னா படத்துல அஞ்சடி குறையணும்," என்றார் வக்கீல். வக்கீல் கெட்டிக்காரர்தான். "குறையலையே. கணக்குச் சரியா நிக்குது. தெரிஞ்சேதான் சுவர்னு போட்டிருக்கார். அப்ப சுவராத்தான் இருந்திருக்கணும்."

மறதி என்று ஒப்புக்கொண்டு தப்பிக்க இருந்த ஒரே வழியும் அதோடு அடைந்துபோனது. அங்குலத்தார் சமையற்காரம்மாவைப் பார்த்தார். அவள் கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். படித்தவர் எப்படியும் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதுபோல அவள் இன்னும் நம்பிக்கையோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"சுவர் இல்லை," என்றார். "படி இருந்துச்சு. ரூம் இருந்துச்சு. இந்தம்மா கதவத் திறந்து காட்டினாங்க. நான்தான் போகல. தெரிஞ்சேதான் சுவருக்குக் கொடுத்தேன்."

"ஏன் சார்?" என்றாள் இயக்குநர் அம்மா.

"அந்த ரூம் எவ்வளவு பழசுன்னு எனக்குத் தெரியும் மேடம். எங்கம்மா டாக்டர் காலத்துல இங்க சமையல் வேலை பார்த்தாங்க. நாங்க அதுலதான் இருந்தோம். அது வெளிய தெரியக் கூடாதுன்னு..." மேலே போக முடியாமல் நிறுத்தினார். பக்கத்து மேசைக்காரர் அடுப்பைப் பார்த்தார். வண்ணக் கண்ணாடி, கடைசல் கைப்பிடி என்று முப்பத்தோரு வருஷம் கேட்ட கதையெல்லாம் அவர் மனசில் இப்போது வேறு மாதிரி ஓடியிருக்கும். அங்குலத்தார் கையை மட்டும் முக்காலிப் பக்கம் நீட்டினார். "இவங்க என் கூடப்பிறந்த அக்கா. தைக்கிற அம்மா இல்ல. என்னைப் படிக்க வச்சவங்க."

அக்கா பாவாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"உணர்ச்சிகரமா இருக்கு," என்றார் வக்கீல். "ஆனா அவங்க அம்மா இங்க வேலை பார்த்தாங்கங்கறதுக்கும், அப்ப இந்த அறை இருந்ததுங்கறதுக்கும் அத்தாட்சி வேணுமே. எந்த ஆவணம் இருக்கு?"

"என் பிறப்புச் சான்றிதழ் இருக்கு," என்றார் அங்குலத்தார். "அதுல இந்த வீட்டு விலாசந்தான். பிறந்த இடம் 'பின்படி'ன்னே எழுதியிருக்கு. அதனாலதான் அதை இத்தனை வருஷமா ஆபீஸ்ல காட்டாம, பள்ளிக்கூடச் சான்றிதழை வச்சே ஓட்டினேன். அந்தப் பின்படி போய் முடியறது அந்த ஒரு ரூம்லதான் மேடம். எழுதிக்குங்க. ஐம்பத்தாறு வருஷம் முன்னாடி நான் இந்தப் படிக்கு மேல உள்ள அறையில பிறந்தேன்."

இயக்குநர் அம்மா குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். வக்கீலும் எழுதிக்கொண்டார். அங்குலத்தார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போடும் வேலை இனி தனக்குக் கிடையாது என்பதும், நாளைக்கு வராந்தாவில் யார் என்ன பேசுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் அக்கா. முக்காலியிலிருந்து எழுந்தாள். "இவன் இதையும் தப்பா எழுதவைக்கிறான். அறையில பிறந்தேன்னு போடாதீங்க. முன்கூடத்துல பெரிய விருந்து, அம்மா கடைசித் தட்டக் கழுவி வச்சிட்டுத்தான் ஏறினா. நான்தான் பின்னாலிருந்து முதுகைத் தாங்கினேன். அறைக்குப் போய்ச் சேரல. ஒன்பதாவது படியில பிறந்தான். மேல இன்னும் நாலு படி இருந்துச்சு."